கடலோரத்துல மர வேலி எத்தனை வருஷம் தாங்கும்? உச்சிப்புளி பக்கம் தோப்பு

தோப்பு_உச்சிப்புளி

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு உச்சிப்புளிக்கு வடக்க, வடகடல் பக்கம் ஒரு சின்ன தென்னந்தோப்பு இருக்கு, கடல்ல இருந்து அரை கிலோமீட்டர் கூட வராது. தரை பூராம் மணல்தான். ரோட்டுப் பக்கம் சவுக்குக் கட்டைய நட்டு, அடியில கான்கிரீட் போட்டு, குறுக்க சட்டம் அடிச்சு பலகை வேலி போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க, பாக்க அழகா இருந்துச்சு, மூணாவது மழைக்காலத்துல ஐப்பசி காத்துல ஒரு பக்கம் அப்படியே சாஞ்சிருச்சு. போய்ப் பாத்தா மேல கட்டை நல்லாத்தான் இருக்கு, பலகையும் பரவால்ல, ஆனா தரையோட ஒட்டுன இடத்துல கட்டை இத்துப்போய் கையாலயே பிய்க்க வருது, ஆணியெல்லாம் துருப்பிடிச்சுத் தலையே இல்ல. இதுல எனக்குப் புரியாதது என்னன்னா, தோப்புக்குப் பின்பக்கம் எங்க தாத்தா காலத்துல நட்ட பனங்கட்டை வேலி ஒரு வரிசை இன்னும் நிக்குது! பெயிண்டு கிடையாது, கான்கிரீட் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

இப்ப புதுசா போடணும். ஆடு உள்ள பூந்து சின்னப் பிள்ளைகளைக் (தென்னம்பிள்ளை) கடிச்சுப்புடுது, அம்மாவால தினமும் விரட்ட முடியல. ஒரு மரக்கடையில வெளிநாட்டு பைன் மரம், மருந்தேத்துனது, 20 வருஷம் கேரண்டிங்குறாங்க. மேஸ்திரி கான்கிரீட் போஸ்ட்டுதான் சரிங்குறாரு. பக்கத்துத் தோப்புக்காரரு பழைய இஞ்சின் ஆயிலை ரெண்டு கோட் அடிச்சா போதும்ங்குறாரு. எதை நம்புறது? மர வேலியே போடலாமா, போட்டா எத்தனை வருஷம் வரும், வருஷா வருஷம் என்ன செய்யணும், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஆசாரி_மகன்

தங்கச்சி, நீங்க கேள்வியிலயே பதிலைச் சொல்லிட்டீங்க. மேல நல்லா இருக்கு, கீழ நல்லா இருக்கு, தரையோட ஒட்டுற அந்த ஒரு சாண்லதான் இத்துருக்கு. மர வேலி எங்க போட்டாலும் சாகுறது அந்த இடத்துலதான். மரத்தை மக்க வைக்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேணும் காத்தும் வேணும். ஆழத்துல ஈரம் இருக்கும் காத்து கம்மி, மேல காத்து இருக்கும் ஆனா வெயில்ல காஞ்சுரும், தரை மட்டத்துல மட்டும் ரெண்டும் எந்நேரமும் கெடைக்கும். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பூஞ்சையால ஒண்ணும் செய்ய முடியாது. நம்ம ஊருல என்ன சிக்கல்னா உப்பு. மரத்துல படியிற உப்பு காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வச்சுக்கிரும், அதனால மழை இல்லாத மாசத்துலயும் கட்டை முழுசா காயாது.

அப்புறம் சவுக்கு. சாரம் கட்ட, பந்தல் போட சவுக்கை விட நல்ல கம்பு கிடையாது, ஆனா மண்ணுல நட்டு வைக்கிற மரம் அது இல்ல. நீங்க வாங்குற சவுக்குக் கம்பு நாலஞ்சு வருஷத்துல வெட்டுனது, அதுல வைரமே (முத்தி இறுகுன கெட்டிப் பகுதி) பாஞ்சிருக்காது, அம்புட்டும் வெள்ளக்கட்டை (முத்தாத வெளிப் பகுதி). கரையானுக்கும் பூஞ்சைக்கும் வெள்ளக்கட்டைதான் தீனி. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல ஒவ்வொரு மரத்தையும் சின்னச் சின்ன முளையா வெட்டி மண்ணுல நட்டு எத்தனை மாசத்துல இத்துப்போகுதுன்னு பாத்துத்தான் நம்ம நாட்டு மரங்களை மூணு வகையா பிரிச்சிருக்காங்க, 120 மாசத்துக்கு மேல தாங்குனா முதல் தரம், 60ல இருந்து 120 வரைக்கும் ரெண்டாந்தரம், 60க்குக் கீழன்னா மூணாந்தரம். தேக்கு வைரம் முதல் தரம், மாமரம் மூணாந்தரம். இதுல கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கு முழுக்க வைரத்துக்குத்தான். எந்த மரமா இருந்தாலும் வெள்ளக்கட்டைன்னா மூணாந்தரம்தான், தேக்கே ஆனாலும் சரி.

உங்க தாத்தா நட்டது முத்துன பனையா இருக்கும். பனையில வைரம் வெளியில, சோறு உள்ள, மத்த மரத்துக்கு அப்படியே தலைகீழ். அந்தக் காலத்துல உள்ள இருக்குற சோத்தைச் செதுக்கி எறிஞ்சுட்டு கருப்பா இருக்குற வைரத்தை மட்டும்தான் நடுவாங்க. அதுல கரையான் பல்லு படாது. ஆனா இப்ப அது மாதிரி புதுசா போடலாம்னு ஆசைப்படாதீங்க, பனை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சுட்டாங்க, அது சரியான முடிவும்கூட, செங்கல் சூளைக்கு ஏத்துன பனையெல்லாம் கொஞ்ச நஞ்சமா. பழைய வீடு இடிக்கிற இடத்துல பனங்கை, பனஞ்சட்டம் கெடைக்கும், அதைத் தேடி வாங்குங்க.

கான்கிரீட் விஷயம் ஒண்ணு. கட்டையைக் குழியில நிறுத்தி அடியோட கான்கிரீட்டை ஊத்திட்டா அது கிண்ணம் ஆயிரும். கட்டை வெயில்ல சுருங்குனதும் சுத்தி ஒரு இடைவெளி விழும், அதுல மழைத்தண்ணி இறங்கும், வெளிய போக வழி இல்ல. உங்க வேலி மூணே வருஷத்துல போனதுக்கு சவுக்கு பாதி காரணம், இது பாதி.

வத்தைக்காரன்_பாம்பன்

ஆசாரி அண்ணன் கட்டையைப் பத்திச் சொல்லிட்டாரு, நான் ஆணியைப் பத்திச் சொல்றேன், ஏன்னா இங்க கட்டைக்கு முன்னாடியே ஆணி செத்துரும். நான் படகு வேலை பாக்குறவன். பாம்பன், மண்டபம் காத்து இரும்பைத் திங்குறதுக்குப் பேர் போனது, அதுக்குத்தான் காரைக்குடி சிக்ரிகாரங்க (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மண்டபத்துல துரு சோதனைக்குன்னே ஒரு நிலையம் வச்சிருக்காங்க, 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்துல துருப்பிடிக்காத கம்பி போட்டு பாலிசிலாக்ஸேன் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பாலத்துக்கே அந்தப் பாடுன்னா கடையில கிலோ கணக்குல வாங்குற சாதா ஆணி என்ன ஆகும்.

நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி, ஆணி துருப்பிடிச்சா ஆணியோட போகாது, சுத்தி இருக்குற மரத்தையும் கெடுக்கும். துருவுல சுத்தி உள்ள மரம் கருத்து, நார் நாரா மெதுவாயிரும், அப்புறம் அதே ஓட்டையில புது ஆணி அடிச்சா பிடிக்கவே பிடிக்காது. பழைய பலகை வச்ச வள்ளத்துல இதைக் கண்ணால பாக்கலாம், அதான் அந்தக் காலத்துல வசதி உள்ளவங்க செம்பு ஆணி அடிச்சாங்க. வேலிக்கு செம்பு கட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு வாங்குங்க, அதுலயும் 304னு ஒண்ணு 316னு ஒண்ணு இருக்கு, 304 இங்க பழுப்பு பழுப்பா கறை விட்டு புள்ளி புள்ளியா அரிக்கும், 316ல மாலிப்டினம் சேத்துருக்கும், உப்புக்காத்துக்கு அதுதான். விலை கூடத்தான். அதனால ஆணி எண்ணிக்கையைக் குறைங்க, எங்க போல்ட்டு இல்லாம முடியாதோ அங்க மட்டும் 316 போடுங்க, மத்த எடத்துல கயித்தால கட்டுங்க. கேலியா சொல்லல, எங்க கரையில கம்பு வேலி எல்லாம் வலைக்கயித்துல கட்டுனதுதான், ஆணியே கிடையாது, கயிறு நைஞ்சா அவுத்து வேற கட்டிக்கிறது. முறுக்கிக் கட்டுற ஜிஐ (துத்தநாகம் பூசுன) கட்டுக்கம்பி மெல்லிசா இருந்தா இங்க ரொம்ப நாள் நிக்காது, கையில தொட்டா உதிரும்.

எண்ணெய்க்கு வருவோம். இஞ்சின் ஆயில் வேண்டாம். மரப்படகுக்கு நாங்க அடிக்கிறது மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் (கொட்டையோட ஓட்டுல இருந்து எடுக்குறது). முந்திரிக்கொட்டை எண்ணெய் மரத்துக்குள்ள இறங்கும், தண்ணியை விடாது, பூச்சியும் அண்டாது, ஆனா தோல்ல பட்டா வெந்து கொப்புளம் போட்டுரும். கையுறை போடாம தொடவே கூடாது, கண்ணுல தெறிக்காம பாத்துக்கணும், பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க. நல்லா காஞ்ச கட்டையில அடிக்கணும், முக்கியமா கட்டையோட வெட்டு வாய்ல, ரெண்டு முனையிலயும். மரம் தண்ணி குடிக்கிறது பக்கவாட்டுல கம்மி, வெட்டு வாய் வழியாத்தான் குடிக்கும்.

கீழக்கரை_வாசி

அஸ்ஸலாமு அலைக்கும். லாத்தா, மூணு பேரு சொன்ன மூணு யோசனைக்கும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், நான் கட்டட வேலை மேற்பார்வை பாக்குறவன்.

இஞ்சின் ஆயில்: வத்தைக்கார காக்கா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு, காரணம் நான் சொல்றேன். அது மரத்துல ஆழமா இறங்காது, மேல ஒரு கருப்பு பூச்சா நிக்கும், ஒரு மழைக்காலத்துல கழுவிட்டுப் போயிரும். எங்க போகும்? மணலுக்குள்ள. நம்ம கடலோரத்துல நல்ல தண்ணி இருக்குறதே மணலுக்கு அடியில, உப்புத்தண்ணி மேல மிதக்குற ஒரு மெல்லிய ஏடா, கொஞ்சம் தோண்டுனாலே ஊறுமே அந்தத் தண்ணிதான். பழைய ஆயில்ல இஞ்சின்ல தேஞ்ச உலோகத்துகள் எல்லாம் இருக்கும். உங்க அம்மா குடிக்கிற ஊத்துக்கு மேல அதை ஊத்தச் சொல்றாங்க. தயவு செஞ்சு செய்யாதீங்க, பக்கத்துத் தோப்புக்காரருக்கும் எடுத்துச் சொல்லுங்க, தண்ணி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

பைன்: மருந்தேத்துன பைன் நல்ல சாமான்தான், ஆனா மருந்து உண்மையிலேயே ஏத்துனதான்னு பாக்கணும். தூத்துக்குடி வழியா வர்ற பைன்ல நிறைய பேக்கிங் பெட்டி அடிக்கிறதுக்கு வர்றது, அதுல ஒரு மருந்தும் கிடையாது, பச்சைச் சாயத்தை அடிச்சு வித்தா நமக்குத் தெரியாது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மரத்துல ஹெச்3, ஹெச்4னு முத்திரை இருக்கும். ஹெச்3 தரைக்கு மேல நிக்கிற மரத்துக்கு, ஹெச்4 மண்ணுல நடுறதுக்கு. ஹெச்3யை வாங்கி மண்ணுல நட்டா அந்த 20 வருஷம் வராது. கடைக்காரர்கிட்ட ஒரு துண்டைக் குறுக்க அறுத்துக் காட்டச் சொல்லுங்க, மருந்து உள்ள வரைக்கும் போயிருந்தா நிறம் தெரியும். வாங்குன அப்புறம் நீளம் பத்தாம கூட வெட்ட வேண்டியிருந்தா வெட்டுன பக்கம் மேல வரணும், மண்ணுக்குள்ள போகக் கூடாது. பழைய வகை மருந்துல ஆர்செனிக் இருக்கும், அமெரிக்காவுல வீட்டு உபயோகத்துக்கு 2003 கடைசியோட நிறுத்திட்டாங்க, அதனால வெட்டுன தூளையும் துண்டையும் அடுப்புல போட்றாதீங்க, அம்மாகிட்ட முக்கியமா சொல்லி வைங்க, நம்ம ஊருல மிச்சக் கட்டை நேரா அடுப்புக்குத்தான் போகும்.

கான்கிரீட் போஸ்ட்: மேஸ்திரி சொல்றது கேக்க நியாயமாத் தெரியும், ஆனா கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456ல கடல் சாரல் படுற இடத்துல கம்பிக்கு மேல 50 மில்லி கான்கிரீட் மூடி இருக்கணும்னு இருக்கு. கடையில விக்கிற 4 இஞ்ச் போஸ்டோட மொத்த கனமே 100 மில்லி. ரெண்டு பக்கமும் 50 விட்டா கம்பிக்கு எங்க எடம்? அதனால கம்பி தோலோட ஒட்டி இருக்கும், உப்பு இறங்கும், துரு ஊதும், போஸ்ட் நீளவாக்குல வெடிச்சு நிக்கும். ஏர்வாடி ரோட்டுல போனா வரிசையா பாக்கலாம். அதுலயும் கடல் மணலைக் கலந்து செஞ்சிருந்தா பேசவே வேண்டாம்.

தோப்பு_உச்சிப்புளி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இஞ்சின் ஆயில் விஷயம் இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேன், பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லச் சொன்னேன். அப்ப பனை கிடையாது, சவுக்கு ஆகாது, கான்கிரீட் வெடிக்கும்னா தூணுக்கு எதைத்தான் போடுறது? கருவேலம் போடலாமா? இங்க அதுதான் காடா கிடக்கு.

கரிசல்_முதுகுளத்தூர்

கருவேலம் போடலாம், ஆனா எந்தக் கருவேலம்னு பாக்கணும். சீமைக்கருவேலத்துல வைரம் உறுதியானது, அந்த மரத்தோட பூர்வீகமான மெக்சிகோ பக்கமெல்லாம் அதை வேலித்தூணுக்கே வெட்டுவாங்க. நம்ம பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்கிறதுக்குன்னு தொடை கனம் வர்றதுக்கு முன்னாடியே வெட்டிப்புடுறோம், அதனால நேரான, பருத்த கட்டை கெடைக்கிறது கஷ்டம். கண்மாய்க்குள்ளயும் ஓடைக்கரையிலயும் பழைய மரம் இருக்கும். வெட்டுன முனையைப் பாருங்க, நடுவுல கருஞ்சிவப்பா இருக்குறது வைரம், சுத்தி மஞ்சளா இருக்குறது வெள்ள. முக்காவாசி சிவப்பு இருந்தாதான் எடுக்கணும். பட்டையோட நடவே கூடாது, பட்டைக்குக் கீழதான் வண்டு முட்டை வைக்கும், அப்புறம் மாவு மாவா கொட்டும், உளுத்துரும். வெட்டுன உடனே பட்டையை உரிச்சு, நிழல்ல, தரையில படாம கல்லு மேல அடுக்கிக் காய விடுங்க. நாட்டுக்கருவேலம் கெடைச்சா இதைவிட மேல், வண்டிக்கும் கலப்பைக்கும் போட்ட மரம், ஆனா கண்மாயில நிக்கிறது அரசாங்க மரம், ஏலத்துல எடுத்தவங்ககிட்டதான் வாங்கணும்.

முனையைத் தீயில கருக்கி நட்டா கரையான் வராதுன்னு எங்க ஊர்ப்பக்கம் சொல்லுவாங்க. கருக்குன தோலு மெல்லிசு, வெடிப்பு விழும், வெடிப்பு வழியா எல்லாம் உள்ள போகும். கருக்குறதுல நேரத்தைப் போக்காம காய வைக்கிறதுல போக்குங்க.

இன்னொண்ணு, நாலு பக்கமும் ஏன் செத்த மரத்தை நடணும்? உயிர்வேலி போடுங்க. கிளுவைக் குச்சியை வெட்டி ஆவணி புரட்டாசியில ஊனுனா மழைக்கு வேர் பிடிச்சுரும், முள்ளும் இருக்கு, தலைமுறைக்கும் நிக்கும், பெயிண்டும் வேண்டாம் போல்ட்டும் வேண்டாம்.

வத்தைக்காரன்_பாம்பன்

கிளுவை உங்க கரிசலுக்கு சரி அண்ணே, கடலுக்கு அரை கிலோமீட்டர்ல வாடைக்காத்து உப்பைத் தூக்கி அடிச்சா கொழுந்து கருகும். இங்க பூவரசு வைக்கலாம், கடற்கரை மரமே அது, போத்து (கிளைக்கம்பு) வெட்டி ஊனுனா வந்துரும். ஆனா ஆட்டுக்கு பூவரசு இலைன்னா உசுரு, ஆளு ஒசரம் வர்ற வரைக்கும் முன்னாடி முள்ளு அடைக்கணும். உடைமுள்ளு வெட்டிப்போட்டு அடைச்சாப் போதும். பழைய வலை சும்மாவே கெடைக்கும், அதையும் இழுத்துக் கட்டலாம், ஆனா வலை தரையில கெடந்தா பாம்பு, ஓணான், உடும்பு எல்லாம் மாட்டிச் செத்துப்போகுது, பாக்கவே கஷ்டமா இருக்கும், அதனால அடியில ஒரு சாண் தூக்கிக் கட்டுங்க.

ஆசாரி_மகன்

கரிசல் அண்ணன் சொன்ன உயிர்வேலியை பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் வைங்க. ரோட்டுப்பக்கம் மட்டும் மர வேலி போதும், செலவும் கொறையும். அதுக்கு நான் போடுறதா இருந்தா எப்படிப் போடுவேன்னு சொல்றேன்.

மண்ணைத் தொடுறது மரமா இருக்கக் கூடாது. கல்லுக்கால் நடுங்க, மதுரைப் பக்கத்துல இருந்து வர்ற கருங்கல்லு கால், இரும்பே இல்ல, துருவுக்கு வேலையே இல்ல. 6 அடி கல்லுன்னா 2 அடி உள்ள போகணும், மணல் தரைங்குறதால இன்னும் அரை அடி சேத்துக்கிட்டாலும் தப்பில்ல, சுத்தி உடைகல்லு போட்டு இடிச்சு இறுக்குங்க. கல்லுல ஓட்டை போட்டே கேட்டு வாங்கலாம். அந்த ஓட்டையில 316 போல்ட்டு, போல்ட்டுல குறுக்குச் சட்டம், சட்டத்துல பலகை. சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு வாஷர் கனம் இடைவெளி விடுங்க, தண்ணி நிக்காது. பலகை தரையில இருந்து நாலு விரக்கடை மேல நிக்கணும், அதுல ஆட்டுக்குட்டி பூராது. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு விரல் சந்து விடணும், கண்டிப்பா விடணும். சந்தில்லாம அடைச்சா காத்துக்கு அது கப்பல் பாய்தான், ஐப்பசி கார்த்திகையில தூக்கிரும். பலகையோட மேல் முனையைச் சாய்வா வெட்டுங்க.

இப்படிப் போட்டா எத்தனை வருஷம்னு கேட்டீங்க. கல்லு உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும். சட்டமும் பலகையும் வைரக்கட்டையா, தரையைத் தொடாம, சந்தோட இருந்தா பத்துப் பன்னெண்டு வருஷம் எதிர்பாக்கலாம், அதுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு பலகை போகும், போனதைக் கழட்டி மாத்திக்கலாம், அதுக்குத்தான் போல்ட்டு. ஆணி அடிச்சிருந்தா பலகையை உடைச்சுத்தான் எடுக்கணும். கட்டையை மண்ணுல நட்டே தீருவேன்னா நல்ல கருவேலமே ஆனாலும் நம்ம மணல்ல ஆறேழு வருஷத்துல ஒவ்வொண்ணா ஆட ஆரம்பிக்கும்.

வருஷத்துல ரெண்டே தடவை பாத்தா போதும். மாசி பங்குனியில, காத்துல ஈரம் கம்மியானதும், முதல்ல நல்ல தண்ணியை ஊத்தி உப்பைக் கழுவுங்க. இதை யாருமே செய்யுறதில்ல, உப்பு மேலயே எண்ணெயோ பெயிண்டோ அடிச்சுட்டு உரியுது உரியுதுங்குறாங்க. கழுவி நாலஞ்சு நாள் வெயில்ல காய விட்டு அப்புறம் எண்ணெய் அடிங்க. வெளுத்துப்போய் தண்ணி தெளிச்சா முத்து முத்தா நிக்காம மரம் உறிஞ்சுச்சுன்னா அந்த வருஷம் அடிக்கணும், நின்னுச்சுன்னா விட்டுரலாம். தாரை அடிக்காதீங்க, ஈரக்கட்டையில தார் அடிச்சா ஈரம் உள்ளயே அடைஞ்சு கிடந்து இன்னும் வெரசா மக்கும். ரெண்டாவது தடவை புரட்டாசியில, மழைக்கு முன்னாடி, போல்ட்டை முடுக்கி, கால் ஓரம் குவிஞ்சு கிடக்குற மணலையும் மட்டை சருகையும் அள்ளிப் போடுங்க. காத்து மணலைக் கொண்டாந்து பலகை வரைக்கும் மூடிருச்சுன்னா தரை மட்டம் மேல ஏறிருச்சுன்னு அர்த்தம், பழையபடி அங்க மக்கும். கரையான் புத்து மண்ணு கல்லுக்கால் மேல ஏறுதான்னும் பாருங்க, கோடு மாதிரி தெரிஞ்சா உடனே சுரண்டி விடுங்க.

ஒரு கட்டை கெட்டுருச்சான்னு பாக்க ஸ்க்ரூடிரைவரை வச்சு தரையோரமா குத்துங்க. டக்குனு நின்னா நல்ல கட்டை, அரை இஞ்ச் உள்ள இறங்கிட்டா மாத்துங்க. உங்க பின்பக்கப் பனங்கட்டையையும் இப்படிக் குத்திப் பாருங்க.

தோப்பு_உச்சிப்புளி

குத்திப் பாத்தேன் அண்ணே, பத்துக்கு ஒண்ணுதான் இறங்குது, மத்ததுல ஸ்க்ரூடிரைவர் முனைதான் மழுங்குது. கல்லுக்கால்தான் போடுறோம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். சாஞ்ச வேலியில பலகை நல்லா இருக்குன்னு சொன்னேன்ல, அதையே திரும்ப போடலாமா? ஆணி ஓட்டையைச் சுத்தி கருப்பா இருக்கு.

வத்தைக்காரன்_பாம்பன்

போடலாம். கருப்பு ஏறுன இடம் வரைக்கும் ரெண்டு முனையையும் அறுத்து எறிஞ்சுருங்க, பலகை ஒரு முழம் குட்டையாகும், ஆட்டுக்கு அந்த ஒசரம் போதும். அறுத்த வாய்ல அன்னைக்கே எண்ணெய் வைங்க, மறுநாளைக்குன்னு போடாதீங்க.